கடலில் இறங்கும் முன்: சிறுபடகுப் பாதுகாப்பு – வாசகர் கேள்வி பதில்

பள்ளி விடுமுறை நெருங்கினால் படகு வைத்திருப்பவர்களின் கடிதங்களும் கூடிவிடும். சிறிய உல்லாசப் படகுகளில் என்னென்ன பாதுகாப்புச் சாமான்கள் இருக்க வேண்டும், அவற்றை எப்படிச் சோதிப்பது என்று கேட்டவர்களுக்கான பதில்கள் இந்த இதழில்.

கேள்வி: ஐந்தரை மீட்டர் நீளப் பழைய படகு ஒன்றை வாங்கியிருக்கிறேன். படகின் பின்பக்கம் வெளியே தொங்கும் 60 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின். ஆறு லைஃப் ஜாக்கெட், ஒரு தீயணைப்பான், சில ஃபிளேர்கள் (ஆபத்தை அறிவிக்கக் கொளுத்தும் சுடர்கள்) என்று ஒரு பெட்டி நிறையக் கொடுத்த விற்பனையாளர், “எல்லாம் இருக்கிறது, சோதனைக்கு இதைக் காட்டினால் போதும்” என்றார். நம்பலாமா?
– வாசகர், பொங்கோல்

பதில்: பெட்டியை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தரையில் கொட்டிப் பாருங்கள். என்ன சாமான் எத்தனை வேண்டும் என்பது படகின் அளவையும் பயண எல்லையையும் பொறுத்தது. சிங்கப்பூர்க் கடல்துறை, துறைமுக ஆணையம் உங்கள் உரிமத்துக்கு விதிக்கும் நிபந்தனைகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். உரிமத்தில் உள்ள ஆள் எண்ணிக்கைக்கு லைஃப் ஜாக்கெட் குறையக்கூடாது. கைக்குழந்தையும் ஓர் ஆள்தான்.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் தரத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். நுரைப்பஞ்சு ஜாக்கெட்டை இரண்டு கையாலும் அழுத்தி விடுங்கள். பஞ்சு உடனே நிமிர வேண்டும். அமுங்கியபடியே கிடந்தாலோ உள்ளே மொறுமொறுவென்று நொறுங்கினாலோ அதன் காலம் முடிந்துவிட்டது. வார்ப்பட்டையைப் பலங்கொண்ட மட்டும் இழுங்கள். ஆரஞ்சு நிறம் வெளுத்து இளமஞ்சளாகிவிட்டால் தையல் நூலும் வெயிலில் இற்றுப்போயிருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். சந்தேகம் இருந்தால் நீச்சல் குளத்தில் அணிந்து, தலையைப் பின்னுக்குச் சாய்த்து மிதந்து பாருங்கள். மோவாய் தண்ணீருக்கு மேலே நிற்க வேண்டும்.

இப்படிப்பட்ட பெட்டிகளில் பெரும்பாலும் இல்லாதவை சில உண்டு: கைப்பிடியில் கயிறு கட்டிய உறுதியான வாளி, கயிறு அறுக்கும் கத்தி, தண்ணீர் புகாத டார்ச், ஓட்டுபவர் தூக்கி எறியப்பட்டால் எஞ்சினை நிறுத்தும் சுருள் கயிற்றில் உபரியாக ஒன்று. எல்லாம் சேர்ந்தாலும் பெரிய செலவில்லை. மூடியுள்ள பெட்டியில் எல்லாவற்றையும் போட்டு, அதன்மேல் ஐஸ் பெட்டியை ஏற்றி வைக்கிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். சோதனை நாளில் அதிகாரி காத்திருப்பார், எரியும் எஞ்சின் காத்திருக்காது.

கேள்வி: கழுத்தில் மாட்டிக்கொள்ளும், தானாக ஊதும் வகை லைஃப் ஜாக்கெட் வாங்கினேன். கார் பூட்டில் கிடந்தபோதே ஒருநாள் தானாக ஊதிவிட்டது. பொருளே மட்டமா? பழைய பஞ்சு ஜாக்கெட்டுக்கே திரும்பிவிடலாமா?
– வாசகர், பிடோக்

பதில்: பொருளில் குறை இருக்க வேண்டியதில்லை. இந்த வகையில் ஊசி ஒன்று ஸ்பிரிங்கின் இறுக்கத்தில் நிற்கும். அதைப் பிடித்து வைத்திருப்பது தண்ணீர் பட்டால் கரையும் ஒரு சிறு வில்லை. கரைந்ததும் ஊசி பாய்ந்து கரியமில வாயு உருளையைத் துளைக்கும், ஜாக்கெட் ஊதிவிடும். ஈர ஜாக்கெட்டை மடித்துப் பூட்டில் போட்டு, வெயிலில் காரை நிறுத்தினால் உள்ளே ஆவி கட்டும். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதமும் சேர்ந்துகொள்ள, வில்லை மெல்ல மெல்ல மெத்தென்று ஆகி விட்டுக்கொடுத்துவிடுகிறது. கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் துடைத்து, நிழலில் அகலமான ஹேங்கரில் தொங்கவிடுங்கள். வில்லையைப் பொதுவாக மூன்றாண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். தேதி அதன்மேலேயே இருக்கும். எப்போதும் நனைகிற படகு என்றால் ஹாமர் என்னும் நீரழுத்த வகையைப் பாருங்கள். அது தூறலுக்கும் அலைத் தெறிப்புக்கும் அசையாது, 10 சென்டிமீட்டர் ஆழத்தில் அமிழ்ந்தால்தான் வேலை செய்யும். விலை கூடுதல், ஆனால் மாற்றும் காலம் ஐந்தாண்டு.

ஆண்டுக்கு ஒருமுறையாவது செய்ய வேண்டிய சோதனை இது. ஜாக்கெட்டைத் திறந்து உருளையைக் கழற்றுங்கள். அதன் மூக்கில் துளை இருந்தால் ஏற்கெனவே பயன்படுத்திய உருளை. இரவல் ஜாக்கெட்டுகளில் இதை அடிக்கடி பார்க்கலாம்: யாரோ ஒருவர் ஊதவைத்து, மடித்து, சொல்லாமலே திருப்பிக் கொடுத்திருப்பார். உருளையின் மேல் குறைந்தபட்ச மொத்த எடை பொறித்திருக்கும். சமையலறை எலக்ட்ரானிக் தராசில் நிறுத்துப் பாருங்கள். ஒரு கிராம் குறைந்தாலும், கழுத்தில் துரு ஏறியிருந்தாலும் மாற்றிவிடுங்கள். பெரியவர்களுக்கான 150 நியூட்டன் (மிதக்கவைக்கும் விசையின் அளவு) ஜாக்கெட்டுகள் பெரும்பாலானவற்றில் வாயுவின் அளவு 33 கிராம், 275 நியூட்டன் வகையில் 60 கிராம். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடக்கூடாது.

அடுத்து, வாய்க்குழாயால் ஊதி ஓர் இரவு முழுக்க வையுங்கள். காலையில் தொய்ந்திருந்தால் பழுதுபார்க்கும் கடைக்கு. காற்றை வெளியேற்றக் குழாய் மூடியைத் தலைகீழாக அழுத்துவோம் அல்லவா, முடிந்ததும் அதை எடுத்து நேராகப் பொருத்துங்கள். தலைகீழாகவே விட்டால் வால்வு திறந்தபடி இருக்கும், ஊதும் வாயு அவ்வழியே போய்விடும். கடைசியாக உருளையைக் கையாலேயே இறுக்குங்கள். படகு அதிர்வில் மரை தளரும். தளர்ந்த உருளையை ஊசி துளைக்காது. ஜாக்கெட்டுகள் ஊதாமல் போவதற்கு இது சாதாரணமாகக் காணும் காரணம்.

தொடையிடுக்குப் பட்டையையும் மறக்காமல் மாட்டுங்கள். அது இல்லாவிட்டால் ஊதிய ஜாக்கெட் காதுவரை ஏறும், ஆள் கீழே நழுவுவார். இடுப்புப் பட்டைக்கும் மார்புக்கும் நடுவே ஒரு முஷ்டி புகும் இறுக்கம் சரி.

பஞ்சா, ஊதுவதா என்றால் ஆளைப் பொறுத்தது. நீந்தத் தெரியாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் பஞ்சுதான். அதில் பழுதாகும் இயந்திரம் எதுவும் இல்லை. மூடிய கேபினுக்குள் தானியங்கி வகையை அணிந்து உட்காரவே கூடாது. படகு கவிழ்ந்து தண்ணீர் புகுந்தால் ஊதிய ஜாக்கெட் உங்களைக் கூரையோடு சேர்த்து அழுத்திவிடும், வாசலுக்கு மூழ்கிப் போக முடியாது. 50 நியூட்டன் என்று போட்ட மெல்லிய வகை கயாக், பாய்மர விளையாட்டுக்கு உரியது. நினைவிழந்தவரை முகம் மேலே வரத் திருப்பாது.

கேள்வி: கூசு தீவுக்கு அம்மாவையும் மூன்று வயது மகளையும் அழைத்துப் போக ஆசை. அம்மா புடவைதான் கட்டுவார். ஜாக்கெட் எப்படி?
– வாசகி, தோ பாயோ

பதில்: குழந்தைக்கு வயது கணக்கல்ல, எடைதான் கணக்கு, லேபிளில் கிலோ வரம்பு இருக்கும். “வளர்ந்தாலும் போடலாமே” என்று ஓர் அளவு பெரிதாக வாங்கிவிடாதீர்கள். மாட்டி, பட்டைகளை இறுக்கி, தோள்பட்டையைப் பிடித்துத் தூக்குங்கள். மோவாயோ காதோ கழுத்து வளையத்துக்குள் போனால் அளவு பெரிது. தலைக்குப் பின்னால் காலர், தூக்கக் கைப்பிடி, தொடையிடுக்குப் பட்டை மூன்றும் உள்ள ஜாக்கெட்டைத் தேர்ந்தெடுங்கள்.

அம்மாவுக்குப் புடவையோடு தொடையிடுக்குப் பட்டை சரிவராது. முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகிவிட்டு, அதன்மேல் முன்பக்கம் மூன்று கொக்கி உள்ள பஞ்சு ஜாக்கெட்டை இறுக்கமாக மாட்டுங்கள். முந்தானை வெளியே தொங்கினால் ஏணியிலும் படகின் கொண்டியிலும் சிக்கும். சுடிதார் போட ஒப்புக்கொண்டால் இன்னும் நல்லது. ஜாக்கெட்டைப் படகுத்துறையிலேயே போட்டுவிடுங்கள். படகில் ஏறுவதும் இறங்குவதும்தான் வயதானவர்கள் தடுமாறும் இடம்.

கேள்வி: கார் உதிரிபாகக் கடையில் கிடைக்கும் ஒரு கிலோ தீயணைப்பான் படகுக்கு ஆகுமா? எஞ்சின் பக்கத்திலேயே மாட்டலாமா?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: எஞ்சின் பக்கத்தில் மாட்டினால் தீக்குள் கையை விட்டுத்தான் எடுக்க வேண்டும். ஓட்டுநர் இருக்கையருகே அல்லது கேபின் வாசலில், தப்பிக்கும் வழியில் மாட்டுங்கள்.

உலர்பவுடர் ஏபிசி வகை பெட்ரோல் தீக்கும் மின்சாரத் தீக்கும் ஏற்றது. ஆனால் ஒரு கிலோ என்பது சுமார் பத்து விநாடியில் தீர்ந்துவிடும் அளவு. இரண்டு கிலோவாக ஒன்றோ, ஒரு கிலோவாக இரண்டோ வைத்தால் முதல் முயற்சி தவறினாலும் கையில் ஒன்று இருக்கும். உப்புக்காற்று தாங்கும் பூச்சும் பித்தளைத் தலையும் உள்ளதாகப் பாருங்கள். பிளாஸ்டிக் தலை வெயிலில் விரிசல் விடும். முள் பச்சையில் நிற்பதை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். முள் காட்டுவது அழுத்தத்தை. உள்ளே பவுடர் அதிர்வில் அடியில் இறுகிக் கட்டியாகியிருக்கலாம். மாதம் ஒருமுறை தலைகீழாகப் பிடித்து ஆட்டுங்கள், மணல்போல் சரியும் அசைவு கைக்குத் தெரிய வேண்டும். அமெரிக்காவில் கடலோரக் காவல்படை 2022 ஏப்ரல் 20 முதல், மறுபடி நிரப்ப முடியாத வகை தீயணைப்பான்களைத் தயாரித்த 12 ஆண்டோடு கழித்துவிட வேண்டும் என்று விதித்திருக்கிறது. அந்த விதி இங்கே செல்லாது, ஆனால் அந்தக் கணக்கைப் பின்பற்றுவது புத்திசாலித்தனம்.

தீயே வராமல் பார்ப்பதைப் பற்றி இரண்டு வார்த்தை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், வெளியேறாமல் படகின் அடியில் போய்த் தேங்கும். உள்ளே எஞ்சின் பொருத்திய படகில், சாவி திருப்பும் முன் காற்றூதியைக் குறைந்தது நான்கு நிமிடம் ஓடவிட்டு, அடித்தளத்தை மோந்து பாருங்கள். கையில் தூக்கும் எண்ணெய்த் தொட்டியாக இருந்தால் வெளியே எடுத்துக் கான்கிரீட் தரையில் வைத்து நிரப்புங்கள். படகுக்குள் வைத்து நிரப்பினால் நிலைமின்சாரப் பொறி தாவ வாய்ப்புண்டு. எஞ்சின் அறையில் புகை கண்டால் மூடியை முழுதாகத் திறக்காதீர்கள், காற்றைத் தீயிடம் கொண்டுபோய்க் கொடுப்பதாகிவிடும். எண்ணெய்க் குழாயை மூடி, எஞ்சினை நிறுத்தி, மூடியின் சிறு இடுக்கு வழியாகப் பீய்ச்சுங்கள்.

கேள்வி: சாங்கி பக்கம் மீன்பிடிக்கத்தான் நங்கூரம் போடுவோம். அதைப் பாதுகாப்புச் சாமானில் சேர்ப்பது ஏன்?
– வாசகர், பாசிர் ரிஸ்

பதில்: எஞ்சின் நின்றுபோனால் உங்களுக்கு இருக்கும் ஒரே பிரேக் அதுதான். சிங்கப்பூர் நீரிணையில் நீரோட்டம் மணிக்கு மூன்று கடல்மைலை எட்டக்கூடியது. இருபது நிமிடத்தில் ஒரு கடல்மைல் அடித்துச் சென்று, கப்பல் தடத்தில் உங்களை நிறுத்திவிடும். அங்கே 300 மீட்டர் கப்பல் உங்களைப் பார்த்தாலும் உடனே நிற்க முடியாது. சர்வதேச மோதல் தடுப்பு விதிகளின் 9ஆம், 10ஆம் விதிகள், 20 மீட்டருக்குக் குறைந்த படகுகள் அப்படிப்பட்ட கப்பல்களின் வழியை மறிக்கக் கூடாது என்கின்றன.

கயிற்றின் நீளத்தில்தான் எல்லோரும் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். கணக்கு இது: ஆழமானி 8 மீட்டர் காட்டுகிறது. ஓதம் ஏறினால் இன்னும் 2 மீட்டர். தண்ணீரிலிருந்து படகின் முன்முனை 1 மீட்டர் உயரம். மொத்தம் 11. சங்கிலியும் கயிறும் சேர்ந்த நங்கூரத்துக்கு ஐந்து மடங்கு, அதாவது 55 மீட்டர் விட வேண்டும். 20 மீட்டர் விட்டுவிட்டு “சேற்றில் பிடிக்கவில்லை” என்று நங்கூரத்தைக் குறை சொல்வது நியாயமில்லை. கயிறு சரிவாகக் கிடந்தால்தான் நங்கூரத்தின் நகம் மண்ணைக் கொத்தும், நிமிர்ந்தால் பெயர்ந்துவிடும். நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் இடையே ஓரிரு மீட்டராவது சங்கிலி இருக்கட்டும். சங்கிலி வளையத்தின் பூட்டாணி சுழன்று கழலாமல் கம்பியால் கட்டுங்கள். கயிற்றின் மறுமுனையைப் படகில் முடிந்த பிறகே எறியுங்கள். (கட்டாமல் எறிந்த நங்கூரங்கள் கடலுக்கடியில் எவ்வளவோ.)

பின்முனையில் கட்டி நங்கூரமிடாதீர்கள். அவுட்போர்டு தொங்கும் அந்தப் பக்கம்தான் படகிலேயே தாழ்வு; ஃபெரி எழுப்பும் அலை இரண்டு வந்தால் தண்ணீர் உள்ளே. கடலடிக் கேபிளும் குழாயும் போகும் இடங்கள் வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கும், அங்கே போடக்கூடாது.

கேள்வி: காலாவதியான ஃபிளேர் நான்கு இருக்கிறது. தேசிய தினத்தன்று பிள்ளைகளுக்குக் கொளுத்திக் காட்டலாமா?
– வாசகர், ஈசூன்

பதில்: கூடவே கூடாது. சிவப்பு ஃபிளேர் எரிந்தால் ஆபத்து என்றுதான் பொருள், பார்ப்பவர்கள் மீட்புப் படகை அனுப்புவார்கள். மேலும் 1972 முதல் பட்டாசுக்கே தடை உள்ள ஊர் இது. புளோக்கின் குப்பைக் குழாயில் போடுவது அதைவிட மோசம். வாங்கிய கடல்சாமான் கடையில் கேட்டுத் திருப்பிக் கொடுங்கள்.

புதிதாக வாங்கும்போது எது எதற்கு என்று தெரிந்து வாங்குங்கள். சோலாஸ் (கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கை) தரத்துக் கைச்சிவப்பு, அதாவது கையில் பிடிக்கும் சிவப்பு ஃபிளேர், ஒரு நிமிடம் எரியும், அருகில் வந்துவிட்ட படகுக்கு உங்கள் இடத்தைக் காட்ட. பாராசூட் ராக்கெட் 300 மீட்டர் ஏறி 40 விநாடி எரியும், தூரத்தில் இருப்பவர் கவனத்தை ஈர்க்க. ஆரஞ்சுப் புகை பகலுக்கு மட்டும். தலைக்கு மேலே ஹெலிகாப்டர் வந்துவிட்டால் ராக்கெட் விடவே கூடாது. கைச்சிவப்பைக் காற்று போகும் பக்கமாகக் கையை வெளியே நீட்டிப் பிடியுங்கள், உருகிய துளிகள் ரப்பர் படகையும் ஜாக்கெட்டையும் ஓட்டைபோடும். பெரும்பாலும் மூன்றாண்டு ஆயுள். ஆபத்து வரும்போது கொளுத்தும் முறையைப் படிக்க நேரமிருக்காது, ஆகவே வாங்கிய அன்றே படியுங்கள். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு மாதிரி செய்கிறது.

கேள்வி: கைப்பேசி இருக்கும்போது வயர்லெஸ் எதற்கு?
– வாசகர், கிளமெண்டி

பதில்: கைப்பேசி ஒருவரிடம் பேசும், வயர்லெஸ் சுற்றியுள்ள எல்லோரிடமும் பேசும். உங்களுக்கு முதலில் உதவ வருவது பெரும்பாலும் பக்கத்தில் போகும் படகுதான். அதன் எண் உங்களிடம் இருக்காது. தென்தீவுகளுக்கு அப்பால் இந்தோனேசியாவின் பாத்தாம் கோபுரத்தையும், வடக்கே மலேசியாவின் ஜோகூர் கோபுரத்தையும் கைப்பேசி பிடித்துக்கொள்வதும் உண்டு. ஈரக்கையால் தொடுதிரை அழுத்திப் பாருங்கள், மீதி புரியும்.

ஐந்து வாட் கை வயர்லெஸ் போதும், தண்ணீரில் மிதக்கும் வகையாக இருந்தால் நல்லது. ஆபத்துக்குச் சானல் 16. கப்பல் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் சானல்கள்: கிழக்குப் பகுதி 10, மத்தியப் பகுதி 14, மேற்கு 73. அழைக்கும்போது “மேடே” மூன்று முறை, படகின் பெயர் மூன்று முறை, பிறகு இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர் என்ற வரிசையில் ஆங்கிலத்தில் சொல்லுங்கள். இந்த வரிசையை எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டினால், நீங்கள் தண்ணீரில் விழுந்தாலும் மற்றவர் வாசிக்கலாம்.

கேள்வி: படகின் அடியில் தேங்கும் தண்ணீரை இறைக்க 750 கேலன் பில்ஜ் பம்பு இருக்கிறது. மூழ்க வாய்ப்பே இல்லைதானே?
– வாசகர், செம்பவாங்

பதில்: அது மணிக்கு 750 அமெரிக்க கேலன், அதாவது நிமிடத்துக்குச் சுமார் 47 லிட்டர், அதுவும் குழாய் இல்லாமல் சோதித்த அளவு. தண்ணீரை மேலே தூக்கும்போது இன்னும் குறையும். நீர்மட்டத்துக்கு 30 சென்டிமீட்டர் கீழே 5 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு துளை விழுந்தால் நிமிடத்துக்கு 170 லிட்டர் உள்ளே வரும். கணக்கு பம்புக்குச் சாதகமாக இல்லை. மழைத் தண்ணீரையும் கசிவையும் இறைக்கத்தான் பம்பு. துளையை அடைக்க, கூம்பு வடிவ மரக்கட்டைகள் சில வாங்கி, உடலில் குழாய் துளைத்த ஒவ்வொரு இடத்தின் பக்கத்திலும் ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். தண்ணீர் ஏறினால் பம்பை இயக்கும் மிதவை சுவிட்சை வாரம் ஒருமுறை விரலால் தூக்கிப் பாருங்கள். முடியும் தூண்டில் நரம்பும் சுற்றி அது எழாமல் போவது வழக்கம்.

கேள்வி: மாலை ஏழுக்குள் திரும்பிவிடுவேன். விளக்குகள் வேண்டுமா? எஞ்சின் நிறுத்தும் சுருள் கயிறு கட்டாயமா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: வேண்டும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை வரும் சுமத்ரா சூறைக்காற்று, விடியலிலோ காலையிலோ, மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் மழையைச் சுருட்டிக்கொண்டு வரும். பகலிலேயே எதிரே இருப்பது தெரியாமல் போகும்போதும் விளக்கு எரிய வேண்டும் என்பதே விதி. 12 மீட்டருக்குக் குறைந்த எஞ்சின் படகுக்கு இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, சுற்றிலும் தெரியும் வெள்ளை ஒன்று. நீல நிற அலங்கார எல்இடி பட்டைகளை அணையுங்கள், அவை பக்க விளக்குகளை மறைக்கும்.

சுருள் கயிறு, எங்களைக் கேட்டால், இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாவற்றையும்விட மலிவான உயிர்காப்பு. ஓட்டுபவர் தூக்கி எறியப்பட்டால் ஆளில்லாப் படகு தானாக வட்டமடித்து, தண்ணீரில் கிடப்பவர் மேலேயே திரும்பி வரும். முழங்காலுக்கு மேலே தொடையைச் சுற்றி மாட்டுங்கள். ஸ்டியரிங் திருப்பும்போது சக்கரத்தில் சிக்காது. எஞ்சின் மெல்ல ஓடும்போது கயிற்றை உருவினால் நிற்கிறதா என்று ஒவ்வொரு பயணத்திலும் பாருங்கள். விழுந்தவரோடு கயிறும் போய்விடும், அவரைத் தூக்க எஞ்சினை மறுபடி கிளப்ப வேண்டும், எனவே உபரிக் கயிறு எங்கே இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கூடவே, தண்ணீரிலிருந்து கையால் இழுத்து விரிக்கக்கூடிய ஏணி. நனைந்த உடையோடு 60 சென்டிமீட்டர் உயர விளிம்பில் தொற்றி ஏற இளைஞர்களாலேயே முடிவதில்லை.

கேள்வி: உபின் தீவைச் சுற்றிக் கயாக் போகிறேன். இவ்வளவையும் எங்கே வைப்பது?
– வாசகி, தெம்பனிஸ்

பதில்: உடம்பில். மாட்டியிருக்கும் ஜாக்கெட்டின் தோளில் உள்ளே உருளும் குண்டு இல்லாத பிளாஸ்டிக் விசில், வாய்க்கு எட்டும் அளவுக் குட்டிக் கயிற்றில். குண்டு உள்ளது நனைந்தால் ஊதாது. பையில் தண்ணீர் புகாத உறையில் கைப்பேசி, மிதக்கும் வயர்லெஸ், இருட்டுக்குத் தலைவிளக்கு. கயாக்குக்குள் கட்டிவைத்த எதுவும் கயாக் உங்களைவிட்டு விலகினால் போய்விடும்.